ஆறுதல் ஒரு சான்றாகுமா?

திருவள்ளூர் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் பெயர். அமாவாசை நாள்களில் கோயிலின் ஹிருத்தாபநாசினிக் குளத்தில் பக்தர்கள் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். வெல்லம் கரைவதுபோல் உடலின் நோயும் கரையும் என்பது அவர்களின் நம்பிக்கை. இதே ஊரை மையமாகக் கொண்டுதான் 1968இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய்த் தடுப்பூசி பற்றிய மாபெரும் சோதனை ஒன்றைத் தொடங்கியது. நகரை ஒட்டியுள்ள காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில், அளவுக் கருவி காட்டும் மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கை நம்பி வேலை செய்யும் பட்டறைகளே ஆயுதபூசை அன்று இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாசலில் பூசணிக்காய் உடைக்கின்றன. சான்றைக் கேட்கும் மனமும் ஆறுதலைத் தேடும் மனமும் ஒரே ஊரில், பெரும்பாலும் ஒரே ஆளிடம், குடியிருக்கின்றன. சான்று போதாத ஒன்றை, அது ஆறுதல் தருகிறது என்பதற்காக நம்புவது பகுத்தறிவுக்கு ஒத்ததா? மிகப் பழைய இக்கேள்விக்கு இதுவரை தரப்பட்டுள்ள முக்கியமான விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

கேள்வியின் எல்லை

மூன்று நிலைகளைப் பிரித்துக்கொள்ளாமல் இந்த விவாதத்தைத் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். பொய் என்று தெளிவாக நிறுவப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு நிலை. சோதித்துப் பார்க்க வழியிருந்தும் பார்க்காமல் நம்புவது இரண்டாவது. மறுபிறவி, இறந்தோரின் நிலை போல, எந்தச் சோதனையும் எளிதில் எட்டாத ஒன்றை நம்புவது மூன்றாவது. முதல் நிலைக்கு வாதாட வருவோர் மிகச் சிலர். உண்மையான சண்டை மற்ற இரண்டையும் பற்றியது. ஆறுதல் தரும் நம்பிக்கை என்றதும் சமயத்தை மட்டும் நினைப்பதும் சரியன்று. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் தனக்குக் குணமாகிவிட்டதாக நோயாளி நினைக்கிறார். இத்தனை ஆண்டு நடக்காத விபத்து இனியும் நடக்காது என்று பட்டறைக்காரர் நினைக்கிறார். இவையும் அதே இனத்தைச் சேர்ந்தவைதான். கடவுளைப் பற்றிய விவாதமாக மட்டும் இதைச் சுருக்கிவிட்டால், அன்றாட வாழ்வில் அதிகச் சேதம் விளைவிக்கும் ஆறுதல்கள் கண்ணில் படாமல் நழுவிவிடும்.

சான்றே முதல் என்போர்

தமிழில் இத்தரப்பின் வேர் ஆழமானது. மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி, அறிவைப் பெறும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். காண்டல், கருதல், உவமம் எனத் தொடங்கும் அப்பட்டியலில் ஐதிகமும் ஒன்று. மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் சொல்வதை ஏற்பது அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. ஊர்ப்பேச்சுக்குக்கூட இடம் தந்த அப்பட்டியலில் மனத்துக்கு இதமாக இருப்பது என்பதற்கு இடமில்லை. ஒரு கருத்து தரும் இன்பம் அது உண்மை என்பதற்கு அளவையாகாது என்பதில் அன்றைய சமயவாதிகள் அநேகமாக ஒன்றுபட்டிருந்தார்கள் என்றே தோன்றுகிறது.

இங்கிலாந்தின் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபோர்ட் 1877இல் வெளியிட்ட நம்பிக்கையின் அறம் பற்றிய கட்டுரை இந்நிலையை ஒழுக்கக் கடமையாகவே உயர்த்தியது. அவர் காட்டும் கப்பல் முதலாளிக்குத் தன் பழைய கப்பல் கடலுக்குத் தாங்குமா என்ற ஐயம் எழுகிறது. செலவை நினைத்து அவர் அந்த ஐயத்தை அடக்குகிறார். முன்பு எத்தனையோ புயல்களைத் தாங்கிய கப்பல்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, உளமாரவே அதை நம்பி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அது பத்திரமாகத் திரும்பியிருந்தாலும் முதலாளி குற்றவாளிதான் என்கிறார் கிளிஃபோர்ட். அந்த நம்பிக்கையைக் கொள்ளும் உரிமை அவர் கையிலிருந்த சான்றுகளால் கிடைக்கவில்லை என்பதே காரணம். சென்னையில் 1882 முதல் 1888 வரை வெளிவந்த தத்துவ விவேசினி இதழ், இங்கிலாந்தின் சுதந்திரச் சிந்தனையாளர்களோடு உறவுகொண்டு, இதே மனப்பான்மையைத் தமிழில் பேசியது. 1925இல் குடி அரசைத் தொடங்கிய பெரியார் இதற்கு ஒரு சமூகப் பரிமாணத்தைச் சேர்த்தார். நம்புகிறவனுக்கு ஆறுதல் தரும் கருத்து, சாதி அடுக்கில் அவனைக் கீழே வைத்திருக்கும் கருத்தாகவும் இருக்கலாம் என்பது அவருடைய விமர்சனத்தின் சாரம். 1976இல் 42ஆவது திருத்தத்தின் வழியாக அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமையாகச் சேர்க்கப்பட்டதையும் இம்மரபின் நீட்சியாகக் கருதலாம்.

இத்தரப்பின் பலவீனம் அதன் கண்டிப்பில் இருக்கிறது. எல்லா நம்பிக்கைக்கும் போதிய சான்று வேண்டும் என்றால் எவ்வளவு சான்று போதும் என்று யார் வரையறுப்பது? நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பிறர் சொல்லக் கேட்டு ஏற்றவையே. அதோடு, ஒருவர் மரணப் படுக்கையில் கொள்ளும் நம்பிக்கையையும் கப்பல் முதலாளியின் நம்பிக்கையையும் ஒரே தராசில் வைப்பது பொருந்துமா? கிளிஃபோர்டின் எடுத்துக்காட்டு நம்மைச் சினம் கொள்ளச் செய்வதற்குக் காரணம் சான்றின் குறைபாடு மட்டும் அன்று; அதற்கான விலையைப் பயணிகள் கொடுத்தார்கள் என்பதும்தான்.

பயனைக் காட்டுவோர்

எதிர்த்தரப்பின் புகழ்பெற்ற முன்னோடி பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கல். அவர் இறந்தபின் 1670இல் வெளிவந்த சிந்தனைத் தொகுப்பில், கடவுளின் இருப்பை அறிவால் முடிவுசெய்ய முடியாது என்று ஒப்புக்கொண்டே, நம்பினால் வரக்கூடிய லாபம் எல்லையற்றது, இழப்போ சிறியது என்று கணக்கிட்டார். இந்தக் கணக்கு எந்தக் கடவுளுக்கும் பொருந்தும் என்பது பிரெஞ்சு மெய்யியலாளர் திதரோ காட்டிய குறை. இமாம் ஒருவரும் இதே வாதத்தை எடுத்து வைக்கலாம். 1896இல் அமெரிக்க உளவியலாளரும் மெய்யியலாளருமான வில்லியம் ஜேம்ஸ் கிளிஃபோர்டுக்கு நேரடியாக விடை சொன்னார். ஒரு தேர்வு உயிர்ப்புள்ளதாகவும், தவிர்க்க முடியாததாகவும், வாழ்வைப் பாதிக்கும் அளவு பெரியதாகவும் இருந்து, அதை அறிவால் தீர்க்க வழியும் இல்லாதபோது, மனத்தின் விருப்பம் முடிவெடுக்கலாம் என்பது அவர் வாதம். பொய்யில் விழாமல் தப்புவது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் உண்மையைத் தவறவிடாமல் இருப்பதும் என்றார். மலையில் பள்ளத்தைத் தாண்டியே தீரவேண்டிய ஒருவனுக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையே தாண்டும் வலிமையைத் தருகிறது. அங்கே நம்பிக்கை தனக்கான சான்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

ஜேம்ஸின் நிபந்தனைகள் கவனமானவை. அவர் பெயரைச் சொல்லி எதையும் நம்பலாம் என்போர் பெரும்பாலும் அந்த நிபந்தனைகளை மறந்துவிடுகிறார்கள். குளத்தில் வெல்லம் கரைத்தால் நோய் தீருமா என்பது சோதனைக்கு அப்பாற்பட்ட கேள்வி அன்று. எனவே ஜேம்ஸின் சலுகை அதற்கு எளிதில் கிட்டாது. மலையேறியின் எடுத்துக்காட்டுக்கும் எல்லை உண்டு: நம்பிக்கை தசைகளை இயக்கலாம், நுரையீரலின் கிருமியை இயக்குவதில்லை. இவை தவிர, மெய்யியலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1970இல் எழுப்பிய ஓர் அடிப்படைச் சிக்கலும் உண்டு. நினைத்த மாத்திரத்தில் ஒன்றை நம்பிவிட மனிதனால் இயலாது. காக்களூர் ஏரியில் கடலலை அடிக்கிறது என்று நம்பினால் லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னால், நம்புவதுபோல் நடிக்கலாம், நம்ப முடியாது. நம்பிக்கை உண்மையைக் குறிவைப்பது. பயனைக் காட்டி அதை வரவழைக்க வேண்டுமென்றால் சுற்றுவழியில்தான் முடியும். பாஸ்கலும் பூசையிலும் சடங்கிலும் பழகினால் நம்பிக்கை தானாக வரும் என்று அந்தச் சுற்றுவழியைத்தான் பரிந்துரைத்தார்.

உளவியல் தரும் சாட்சியம்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விவாதம் ஆய்வுக்கூடத்துக்கு இடம் மாறியது. ஷெல்லி டெய்லரும் ஜோனதன் பிரவுனும் 1988இல் வெளியிட்ட ஆய்வுரை, மனநலம் உள்ளோர் தம்மைப் பற்றி மிகையான நல்லெண்ணமும், நிகழ்வுகள் தம் கட்டுப்பாட்டில் உள்ளன என்ற மிகை உணர்வும், எதிர்காலம் பற்றிய மிகை உற்சாகமும் கொண்டிருக்கிறார்கள் என்றது. மிதமான மாயை உடல்நலத்துக்கும் உழைப்புக்கும் உதவுகிறது என்பது அதன் முடிவு. 1994இல் கால்வினும் பிளாக்கும் இதன் தர்க்கத்தையும் தரவுகளையும் கேள்விக்குள்ளாக்கினார்கள். தன்னைப் பற்றி ஒருவர் சொல்வதை வைத்தே அவர் நலமாக இருக்கிறார் என்று அளந்தால், தன்னை மெச்சிக்கொள்பவர் நலமுள்ளவராகத் தெரிவது வியப்பல்லவே. அடுத்த ஆண்டு அவர்கள் ஃபண்டருடன் வெளியிட்ட ஆய்வில், தம்மை மிகையாக மதிப்பிடுவோரைப் பிறர் அவ்வளவு நல்லவிதமாக மதிப்பிடவில்லை.

மருந்தில்லா மாத்திரை பற்றிய ஆய்வுகள் இக்கேள்விக்கு இன்னும் நெருக்கமானவை. மருந்தில்லா மாத்திரை வலி போன்ற, நோயாளியே உணர்ந்து சொல்லும் துன்பங்களில் ஓரளவு பயன் தரலாம், அதற்கு வெளியே பெரும்பயன் தெரியவில்லை என்று 2001இல் ரோபியார்ட்சன், கோட்ஷே இருவரும் பல சோதனைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். 2011இல் வெளிவந்த ஆஸ்துமா ஆய்வு இதைத் துல்லியமாக்கியது. நோயாளிகள் மருந்தை உள்ளிழுத்தபோது ஒரு நொடியில் வெளிவிடும் மூச்சின் அளவு சுமார் 20 விழுக்காடு கூடியது; போலி மருந்து பெற்றபோது 7 விழுக்காட்டளவே கூடியது. ஆனால் எவ்வளவு தேவலை என்று கேட்டபோது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நிம்மதியைச் சொன்னார்கள். ஆறுதல் உண்மையானது, நுரையீரல் மட்டும் தேறவில்லை. இன்னொரு பக்கம், 2010இல் டெட் காப்சுக் குழு குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், இதில் மருந்தே இல்லை என்று சொல்லிக் கொடுத்த மாத்திரையும், ஒன்றும் தராததைவிடப் பயன் தந்தது. சிறிய சோதனைதான். ஆயினும், ஆறுதலைப் பெறப் பொய்யை நம்பியே ஆகவேண்டும் என்ற முன்முடிவை அது அசைக்கிறது.

நம்புவதும் கடைப்பிடிப்பதும்

இன்னொரு தரப்பு, கேள்வியே பிழையாக வைக்கப்பட்டுள்ளது என்கிறது. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி, டிரோபிரியாண்ட் தீவு மீனவர்கள் பாதுகாப்பான காயலில் மீன்பிடிக்கும்போது மந்திரச் சடங்கு செய்வதில்லை, ஆபத்தும் நிச்சயமின்மையும் மிக்க ஆழ்கடலுக்குப் போகும்போதே செய்கிறார்கள் என்று பதிவுசெய்தார். வலை பின்னுவதையோ படகு கட்டுவதையோ அவர்கள் மந்திரத்திடம் விட்டுவிடுவதும் இல்லை. காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ உள்ள பட்டறையிலும் இதே பிரிவினையைக் காணலாம். பூசை போட்டதால் எண்ணெய் விடாமல் எந்த ஃபிட்டரும் லேத்தை ஓட்டுவதில்லை. மெய்யியலாளர் ஜோனதன் கோஹன் 1992இல் நம்புவது வேறு, ஏற்று நடப்பது வேறு என்று பிரித்தது இதற்குப் பொருந்துகிறது. சடங்கு, நேர்ச்சை, வேண்டுதல் ஆகியவற்றில் பெரும்பகுதி உலகம் இப்படித்தான் இயங்குகிறது என்ற கூற்று அன்று. அச்சத்தோடு வாழப் பழகும் ஒரு முறை. அவற்றைச் சான்றுக் கட்டளையால் அளப்பது பொருந்தாது.

இந்த விளக்கம் பெருமளவு சரியானது. ஆனால் முழுவதும் சரி என்று சொல்ல முடியவில்லை. குளக்கரையில் நிற்கும் எல்லோரும் சடங்கை மட்டும் கடைப்பிடிக்கிறார்கள் என்பது படித்தவர்கள் அவர்களுக்காகத் தயாரித்துத் தரும் சமாதானமாகவும் இருக்கலாம். சிலர் நோய் தீரும் என்று மெய்யாகவே நம்புகிறார்கள். அவர்கள் சொல்வதை உருவகமாக மாற்றிவிடுவது அவர்களை மதிப்பதாகாது. மேலும் கடைப்பிடிப்பு நம்பிக்கையாக உறையும் இடம் கண்ணுக்குத் தெரியாது. பூசை போட்டாயிற்று என்ற நிம்மதி, பவர் பிரஸ்ஸின் காப்புக்கூண்டைக் கழற்றிவைத்து வேகமாக வேலை பார்க்கும் துணிச்சலாக மாறாது என்பதற்கு உறுதி இல்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், இயங்கும் இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குக் காப்பு வேண்டும் என்று 21ஆம் பிரிவில் விதித்தபோது யாருடைய மனநிலையையும் கணக்கில் கொள்ளவில்லை. அதன் பலமும் அதுதான்.

திருவள்ளூர் வட்டாரம் தந்த பாடம்

ஆறுதல் நம்பிக்கை பாமரர்க்கே உரியது என்ற எண்ணத்தை இந்த வட்டாரத்தின் மருத்துவ வரலாறே மறுக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு மூன்றும் சானடோரியத்தில் கிடைத்தால்தான் காசநோய் குணமாகும் என்பது நீண்டகாலம் வல்லுநர்களின் நம்பிக்கை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ மையம் அதைச் சோதித்தது. நெரிசலான வீடுகளில், குறைந்த உணவோடு, மருந்தை மட்டும் ஒழுங்காக உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959இல் முடிவு வந்தது. படுக்கைகள் போதாத நாட்டில் அந்த முடிவு பல லட்சம் பேருக்குச் சிகிச்சையின் கதவைத் திறந்தது.

அடுத்தது பிசிஜி தடுப்பூசி. நாடெங்கும் அது போடப்பட்டுக்கொண்டிருந்த 1955இல், அதன் பயன் நிரூபிக்கப்படவில்லை என்று ராஜாஜி கடுமையாக எதிர்த்து எழுதினார். பிரிட்டனில் நடந்த சோதனை நல்ல பாதுகாப்பைக் காட்டியது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் நடந்தது மிகக் குறைவாகவே காட்டியது. சர்ச்சையைத் தீர்க்கவே 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரை மையமாகக் கொண்டு, சுமார் 3,60,000 மக்கள் வாழும் பகுதியில் சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பயன் தெரியவில்லை என்று 1979இல் முதல் முடிவு வெளியானது. 1999இல் வெளிவந்த 15 ஆண்டுக் கணக்கும் பெரியவர்கள் விஷயத்தில் அதையே உறுதிசெய்தது. தடுப்பூசி கைவிடப்படவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோய் வகைகளைத் தடுப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டியதால் பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது. ஆறுதலின் பரப்பு சுருங்கி, சான்று நிற்கும் இடத்தில் வந்து நின்றது. ராஜாஜியின் ஐயத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பின்னாளில் வந்த முடிவு அவருக்கு ஓரளவு சாதகமானது என்பதால், சோதனைக்கு முன்பே அவர் கொண்ட உறுதி நியாயமாகிவிடாது. பத்திரமாகத் திரும்பிய கப்பலைப் பற்றிக் கிளிஃபோர்ட் சொன்னது மறுப்பவர்களுக்கும் பொருந்தும்.

கணக்குப் பார்ப்பவர் யார்?

பயன்வாதத்தின் மிகப்பெரிய இடர்ப்பாடு இந்த வரலாற்றில் தெரிகிறது. ஓர் ஆறுதல் நம்பிக்கை லாபகரமானதா என்று கணக்கிட, அது தவறானால் என்ன இழப்பு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள உண்மை நிலையை நேராகப் பார்க்க வேண்டும். பார்த்தபின் பெரும்பாலும் அந்த ஆறுதல் எஞ்சாது. திருக்குறளின் வாய்மை அதிகாரம் இங்கே ஒளி தருகிறது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் அனுமதிக்கிறார். ஆனால் அங்கே பேசப்படுவது பிறருக்குச் சொல்லும் பொய். சொல்பவருக்கு உண்மை தெரியும். நன்மை குற்றமற்றதா என்று எடைபோட அவரால் இயலும். நிலைமை மாறினால் உண்மையைச் சொல்லவும் முடியும். தனக்குத் தானே ஆறுதல் நம்பிக்கையை ஊட்டிக்கொள்பவரிடம் உண்மை தெரிந்த அப்படியொரு காவலர் இல்லை. ஏமாறுபவரும் மேற்பார்வையாளரும் ஒருவரே. இரண்டாம் மாதத்தில் மாத்திரையை நிறுத்திய நோயாளி, ஆறு மாதச் சிகிச்சையை முறித்ததால் நோய் திரும்பும், மருந்துக்கு அடங்காமலும் போகும், வீட்டில் இருப்பவர்களுக்கும் பரவும் என்பதைத் தன் நிம்மதிக்குள் இருந்தபடி கணக்கிட முடியாது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இனிச் செய்வதற்கு எதுவுமில்லாத நிலையில், சாவை எதிர்நோக்கியிருப்பவருக்கு உண்மையால் என்ன பயன்? மறுப்பு வலுவானது. எந்த முடிவும் நம்பிக்கையைச் சார்ந்திராதபோது இழப்புக் கணக்கு ஏறத்தாழ வெறுமையாகிறது. அங்கே சான்றை வற்புறுத்துவது கொடுமையாகலாம். ஆனால் செய்வதற்கு எதுவுமில்லை என்பதையும் யாரோ ஒருவர் சரியாக அறிந்திருக்க வேண்டும். அத்தோடு, கடைசிக் காலத்திலும் உயில் எழுதுவது, கடனைத் தீர்ப்பது, பிள்ளைகளிடம் பேசுவது என முடிவுகள் மிஞ்சியிருக்கும். இரண்டாவது, எப்போதும் ஐயத்தோடு வாழ மனிதரால் முடியாது என்பது. உண்மைதான். ஆயினும் ஐயத்துக்கும் பொய்யுறுதிக்கும் நடுவே ஒரு வெளி உண்டு. நோய் தீரவேண்டும் என்று ஏங்குவதற்கும், தீரும் வாய்ப்பை மனத்தில் வைத்து உழைப்பதற்கும், தீர்ந்துவிட்டதாக உறுதிகொள்ளத் தேவையில்லை. மூன்றாவது, இது வசதியுள்ளோரின் கண்டிப்பு, நல்ல மருத்துவமும் பாதுகாப்பான வேலையும் கிடைக்காதவர்களுக்கு ஆறுதல் ஒன்றே மிச்சம் என்பது. இம்மறுப்பு ஆறுதலைத் தேடுபவர்மீது பழிபோடக் கூடாது என்பதைச் சரியாக நினைவூட்டுகிறது. ஆனால் ஆறுதல் நம்பிக்கை உண்மை தரும் என்பதை அது காட்டவில்லை. சான்றையும் சிகிச்சையையும் அவர்களிடம் கொண்டு சேர்க்காதவர்களின் பொறுப்பையே அது சுட்டுகிறது.

எஞ்சி நிற்பவை

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் சில முடிவுகளுக்கு வரலாம். ஆறுதல் ஒரு கருத்து உண்மை என்பதற்குச் சான்றாகாது. இதில் கிளிஃபோர்டின் பக்கமே வலுவானது. சான்று எட்டாத இடத்தில் நம்புபவரை அறிவற்றவர் என்று தள்ளுவதும் நியாயமன்று. இதில் ஜேம்ஸுக்கு இடமுண்டு. ஆறுதல் நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக்குபவை மூன்று: கிடைக்கும் சான்றை அது மறுக்காதிருத்தல், செய்யவேண்டிய செயலின் இடத்தை அது பிடித்துக்கொள்ளாதிருத்தல், அதன் விலையை வேறொருவர் செலுத்தாதிருத்தல். இவற்றை நம்புபவர் தனியாகச் சரிபார்க்க இயலாது என்பதால், கேள்வி கேட்கும் உறவுகளும், மாத்திரை எண்ணும் சுகாதாரப் பணியாளரும், காப்புக்கூண்டைப் பரிசோதிக்கும் ஆய்வாளரும் பகுத்தறிவின் பகுதிகளே.

தீராதவையும் உண்டு. மிதமான மாயை நீண்டகாலத்தில் நன்மை செய்கிறதா என்பதில் உளவியல் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. சடங்கு எந்தப் புள்ளியில் நம்பிக்கையாகிறது என்று அளக்க நல்ல கருவி இல்லை. எந்தச் சோதனையும் எட்டாத நம்பிக்கைகளை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதும் திறந்தே இருக்கிறது. அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உண்டு. அமாவாசையில் வெல்லம் கரைப்பவரிடம் நம்பாதே என்று சொல்வதைவிட, ஆறாவது மாத மாத்திரை முடிந்ததா என்று கேட்பதே முதலில் செய்யவேண்டியது.